ஓ.எல். முடித்த பிள்ளைக்கு எந்த வெளிநாட்டு மொழி? முதல் வருட வகுப்பை வைத்து ஓர் ஒப்பீடு

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் வன்னிப் பிள்ளைகள் முன்பெல்லாம் கம்பியூட்டர் வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும்தான் போவார்கள். இப்போது வெளிநாட்டு மொழி ஒன்று படிக்க வேண்டும் என்ற எண்ணமும் வீடுகளில் வந்திருக்கிறது. நல்ல விசயம். நான் ஆங்கிலம் படிப்பிப்பவள் என்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். "ரீச்சர், பிரெஞ்சா, ஜேர்மனா, கொரியனா? ஸ்பானிஷ் லேசு எண்டு சொல்லுகினம், உண்மையே?"

கேட்பவர்களில் அநேகர் நாட்டை வைத்துத்தான் யோசிக்கிறார்கள். பெரியப்பா பரிஸில் இருக்கிறார், அப்போ பிரெஞ்சு. கொரியாவில் சம்பளம் நல்லது, அப்போ கொரியன். அந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால் அதை மட்டுமே பிடித்துக்கொண்டு சேரும் பிள்ளை இரண்டாம் மூன்றாம் மாதத்தில் வகுப்பை விட்டு நிற்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மூன்று மாதத்தில் சரளமாகப் பேசிவிடலாம் என்று நம்பிப் போன பிள்ளை, மூன்றாம் மாதத்திலும் வினைச்சொல் அட்டவணை எழுதிக்கொண்டிருக்கும்போது, தனக்கு மூளை போதாது என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த அட்டவணை எல்லோருக்கும் வரும், அது வர வேண்டிய நேரத்தில்தான் வந்திருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு இது மிகவும் கவலையான விசயம். அதனால் இங்கே மொழிகளை முதல் வருட வகுப்பை வைத்தே ஒப்பிடுகிறேன். ஸ்பானிஷைப் பற்றிக் கூடுதலாக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஆகக் குறைவாகத் தெரிந்த மொழி அதுதான். தமிழ்ப் பிள்ளை ஒன்று முதலாவதாகப் படிக்கிற ஐரோப்பிய மொழிக்கு ஆகப் பொருத்தமானதும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆகக் கூடுதலான மாணவர்கள் எடுக்கும் வெளிநாட்டு மொழி ஸ்பானிஷ். அங்கே முதலாம் வருடத்தில் நடக்கும் பாட ஒழுங்கைத்தான் இணையத்தில் கிடைக்கும் பல வகுப்புகளும் ஏறக்குறையப் பின்பற்றுகின்றன. முதல் வாரங்களில் வணக்கம் சொல்வது, பெயர் கேட்பது, ஊர் சொல்வது. "ஒலா, மே யாமோ..." என்று தொடங்கும். 27 எழுத்துகள். அவற்றில் ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று, எங்கள் 'ஞ' சத்தம் தரும் எழுத்து. உயிரொலிகள் ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. எந்தச் சொல்லில் வந்தாலும் அதே சத்தம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும், அர்த்தம் தெரியாத பந்தியையும் இரண்டாம் கிழமையிலேயே பிழையில்லாமல் சத்தமாக வாசிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று சத்தம் இன்னொன்று என்று அலைக்கழிந்த பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஆங்கில வாசிப்புக்குக் கூப்பிட்டால் தலையைக் குனிகிற பிள்ளை ஸ்பானிஷ் பந்தியைத் தானாகவே கேட்டு வாங்கி வாசிக்கும்.

சத்தத்திலும் எங்களுக்கு வசதி உண்டு. ஸ்பானிஷ் 'd', பல்லில் நாக்குப் படும் எங்கள் 'த' தான். இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும்போது அது மென்மையாகிவிடும், நாங்கள் 'அது' என்று சொல்லும்போது ஆவதைப் போலவே. 'g' யும் அப்படித்தான், 'மகன்' என்பதில் 'க' வருவதுபோல. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் மாதக்கணக்காகப் பழகும் விசயம் இது. எங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முத்தத்துக்கும் மெக்சிகோவின் காசுக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேசோ' தான். முதல் எழுத்தில் குரல் அதிர்கிறதா இல்லையா என்பதே வித்தியாசம். ஆகவே வகுப்புக் கொப்பியில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழக வேண்டாம். இங்கே நான் எழுதுவது வாசிப்பவர்களுக்காக மட்டும். அப்புறம் அந்த நாக்கு உருளும் 'ர்ர்'. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் நாய். சில பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வரும், சிலருக்கு ஆறு மாதம் எடுக்கும். அதை வைத்து யாரும் சோர்ந்துவிடக் கூடாது.

ஒன்றரை மாதமளவில் வினைச்சொற்கள் தொடங்கும். இங்கேதான் கன பேர் நிற்பது. பேசுவதற்கான வினை 'அப்லார்'. அப்லோ, அப்லாஸ், அப்லா, அப்லாமோஸ், அப்லான் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும். பயந்துவிடாதீர்கள். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம், பேசுகிறார்கள் என்று நாங்கள் நாள் முழுக்கச் செய்வதும் இதுதான். 'நான்' என்று சொல்லாமலே 'பேசுகிறேன்' என்றால் விளங்குவதுபோல ஸ்பானிஷிலும் 'அப்லோ' என்றால் போதும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. ஆங்கில வழியில் படிப்பிக்கும் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்த மரியாதை விசயத்தை எங்கள் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஒரு மாலை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு விறாந்தையில் நாலு பிள்ளைகள், நடுவில் ஒரு போன், தட்டில் உப்பும் தூளும் போட்ட மாங்காய்த் துண்டுகள். அன்றைய பாடம் பிடிக்கும், பிடிக்காது. 'மே குஸ்தா எல் மாங்கோ.' திரையில் இருந்த ஆசிரியை ஆங்கிலத்தில் விளக்கினார்: இங்கே 'நான்' எழுவாய் இல்லை, மாங்காய்தான் எழுவாய், 'எனக்கு' என்பது வேற்றுமை ஏற்று முன்னால் நிற்கிறது. ஆங்கிலம் பேசும் மாணவர்கள் பல கிழமை தடுமாறும் இடம் இது என்றும் சொன்னார். கடைசியில் இருந்த பிள்ளை மெதுவாகச் சொன்னது, "ரீச்சர், எனக்கு மாங்காய் பிடிக்கும். அவ்வளவுதானே?" அவ்வளவுதான். மாங்காய் பன்மையானால் வினையும் பன்மையாகி 'குஸ்தான்' என்று வரும், அதை மட்டும் கவனித்தால் சரி.

'இருத்தல்' என்பதற்கு ஸ்பானிஷில் 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள். முதல் வருடத்தில் ஆகக் கூடப் புள்ளி போவது இங்கேதான். 'நான் மாணவி' என்று வினையே இல்லாமல் தமிழில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் 'செர்'. 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்று இடத்தையும் அந்த நேர நிலையையும் சொல்வதெல்லாம் பெரும்பாலும் 'எஸ்தார்'. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. 'அவர் உயரமாக இருக்கிறார்' என்பதற்கு 'செர்' தான் வரும். என்றாலும் தொடக்கத்துக்குப் போதுமான பிடி.

எங்களுக்கு உண்மையிலேயே புதிது, உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் இருப்பது. புத்தகம் ஆண், 'எல் லிப்ரோ'. மேசை பெண், 'லா மேசா'. ஏன் என்று கேட்கக் கூடாது, சொல்லோடு சேர்த்தே பாடமாக்க வேண்டும். பெயரடை பெயருக்குப் பின்னால் வந்து பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். சொற்களில் சில ஏற்கெனவே எங்கள் வீட்டில் இருக்கின்றன. மேசை, அலமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கீசர் காலத்தில் எங்களிடம் வந்தவை. போர்த்துக்கீசமும் ஸ்பானிஷும் நெருங்கிய மொழிகள் என்பதால் ஸ்பானிஷிலும் மேசா, அர்மாரியோ, சபாத்தோ, பான் என்றே வரும்.

வருடக் கடைசியில் எங்கே நிற்கலாம்? கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒழுங்காகப் போனால் ஒரு வருடத்தில் எண்பது தொடக்கம் நூறு மணித்தியாலம். ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவுகோலில் ஏ1, அதாவது ஆரம்ப மட்டம். தன்னைப் பற்றி, குடும்பம், நேரம், சாப்பாடு, வீடு, பள்ளி பற்றி நிகழ்காலத்தில் சின்ன வாக்கியங்களில் பேசலாம். 'செய்யப் போகிறேன்' என்ற கிட்டிய எதிர்காலம் வரும். இறந்தகாலம் பல வகுப்புகளில் வருடத்தின் கடைசிப் பகுதியில்தான் தொடங்கும், சிலவற்றில் இரண்டாம் வருடத்துக்குப் போய்விடும். ஒரு வருடம் படித்தும் 'நேற்று நான் போனேன்' என்று சொல்ல வராவிட்டால் அது பிள்ளையின் குறை இல்லை, பாட ஒழுங்கு அப்படி.

ஸ்பானிஷின் குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் சாதாரண தர, உயர் தரப் பாடப் பட்டியலில் ஸ்பானிஷ் இல்லை. அதைக் கேட்கிற வேலை கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இன்று கிடையாது. 20 நாடுகளில் அரச மொழி, ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பயன் பல வருடம் தள்ளி வருவது. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் 'டெலே' சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும். ஆனாலும் ஏ1 சான்றிதழை மட்டும் வைத்து எவரும் வேலை தரப் போவதில்லை.

பிரெஞ்சு இதற்கு நேர்மாறு. தொடக்கம் கஷ்டம், பயன் கிட்ட. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் பாடமாக எடுக்கலாம், களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவும் தொடரலாம். கலைப் பிரிவில் உயர் தரம் செய்ய நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய விசயம். பிரான்ஸில் எங்கள் சனம் ஏராளம். கனடாவிலும் பிரெஞ்சு அரச மொழி. வகுப்பில் என்ன நடக்கும் என்றால், முதல் மாதம் முழுக்கக் காதுக்கும் வாய்க்கும்தான் வேலை. சொல்லின் கடைசி எழுத்துகள் பெரும்பாலும் ஒலிக்காது. மூக்கால் வரும் உயிரொலிகள் இருக்கின்றன. எண்கள் எழுபதுக்கு வந்ததும் 'அறுபது பத்து', எண்பது 'நான்கு இருபது', தொண்ணூறு 'நான்கு இருபது பத்து' என்று போகும். ஸ்பானிஷில் இரண்டாம் கிழமை வருகிற அந்த வாசிப்புத் தைரியம் பிரெஞ்சில் நாலைந்து மாதத்துக்குப் பிறகுதான் வரும். ஆண்பால் பெண்பால், வினை அட்டவணை எல்லாம் இங்கும் உண்டு. ஆனால் எழுத்தில் வேறாகத் தெரியும் பல விகுதிகள் வாயில் ஒரே சத்தம். டிக்டேசன் எழுதும்போது பிள்ளை களைத்துப் போகும். பரிஸில் இருக்கிற மாமாவோ சித்தியோ கிழமைக்கு ஒரு தடவை பத்து நிமிடம் பிரெஞ்சில் மட்டும் பேச ஒத்துக்கொண்டால் இந்தக் கஷ்டத்தில் பாதி குறையும். ஒத்துக்கொள்கிறார்களா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஜேர்மன் மொழியில் பால் மூன்று, வேற்றுமை நான்கு. புத்தகத்தைத் திறந்ததும் பயம் வரும். எட்டு வேற்றுமை படித்த எங்களுக்கு வேற்றுமை என்ற எண்ணம் புதிதல்ல, 'வந்தான் என்று சொன்னான்' போன்ற வாக்கியங்களில் துணை வாக்கியத்தின் வினை கடைசிக்குப் போவதும் பழகியதுதான். ஆனால் மூன்று பாலும் நான்கு வேற்றுமையும் சேர்ந்து சுட்டுச்சொல்லை மாற்றும்போது பாடமாக்கத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. துணையோடு சேர ஜேர்மனிக்குப் போகிறவர்களுக்குப் பொதுவாக ஏ1 சான்றிதழ் தேவை. அதற்குக் கொழும்பில் கோதே நிறுவனம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தைக் கடந்து போகும் பிள்ளைகள் அந்த மொழியைப் பற்றிக் கேட்பது இயல்பு. தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைக்கு ஜேர்மன் நல்ல தெரிவு என்பேன். சுவிஸில் உறவினர் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வீதியில் பேசும் ஜேர்மன், வகுப்பில் படிக்கும் ஜேர்மனிலிருந்து நன்றாகவே வேறுபடும். எழுதுவதும் படிப்பதும் வகுப்பு ஜேர்மன்தான், அதனால் படித்தது வீண் போகாது.

கொரியன், யப்பான் மொழிகளைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் வேலைக்காக வருகிறார்கள். அவர்களிடம் நான் ஸ்பானிஷ் பற்றிப் பேசுவதே இல்லை. கொரிய எழுத்தை 1446 இல் செஜோங் மன்னர் மக்கள் இலகுவாகப் படிக்கட்டும் என்றே வெளியிட்டார். அடிப்படை எழுத்து 24, ஒரு கிழமைக்குள் வாசிக்கலாம். யப்பான் மொழியில் 46 எழுத்துகள் கொண்ட வரிசை இரண்டு, அதற்கு மேல் 'காஞ்சி' எனப்படும் சீன எழுத்துகள். இரண்டிலும் வினை கடைசியில் வரும், உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், மரியாதைக்கு வினை மாறும். வாக்கிய அமைப்பில் தமிழுக்கு இவ்வளவு கிட்ட வேறு எந்த மொழியும் இந்தப் பட்டியலில் இல்லை. சொற்கள்தான் முழுக்கப் புதிது. கொரிய வேலைக்கான பரீட்சை கேட்டலும் வாசித்தலும்தான், ஆகவே வகுப்புகளும் அதற்கே பயிற்சி கொடுக்கும், பேச்சுக்கு நேரம் குறைவு. சித்தியடைந்தால் பெயர் பட்டியலுக்குப் போகும், வேலை தருபவர் தெரிவு செய்தால்தான் பயணம். பரீட்சை அறிவித்தல்களை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக மட்டும் பாருங்கள். "எங்களிடம் படித்தால் கட்டாயம் அனுப்புவோம்" என்று சொல்லும் இடத்தில் காசு கட்ட வேண்டாம்.

அமெரிக்க வெளிநாட்டுச் சேவைப் பயிற்சி நிறுவனம் தன் உத்தியோகத்தர்களுக்கு ஒதுக்கும் நேரத்தைச் சிலர் காட்டுவார்கள். ஸ்பானிஷுக்கும் பிரெஞ்சுக்கும் 600 தொடக்கம் 750 மணித்தியாலம், கொரியனுக்கும் யப்பானுக்கும் 2200. அது ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கான கணக்கு. எங்கள் பிள்ளைக்குக் கொரிய வாக்கியம் அவ்வளவு தூரமில்லை, ஸ்பானிஷ் சொற்கள் அவ்வளவு கிட்டவும் இல்லை. அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

இந்த ஒப்பீட்டில் யாரும் சேர்க்காத ஒன்றையும் சேர்க்கிறேன். பிள்ளைக்குச் சிங்களம் எவ்வளவு தெரியும்? 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்களுக்கு மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி கட்டாயம். அரச வேலைதான் இலக்கு என்றால், இந்த ஓய்வு மாதங்களைச் சிங்களப் பேச்சு வகுப்புக்குக் கொடுப்பது எந்த ஐரோப்பிய மொழியையும்விட விரைவாகக் கைகொடுக்கும். வவுனியாவிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் அன்றைக்கே பேசிப் பார்க்கலாம்.

அடுத்தது எப்படிப் படிப்பது என்ற கேள்வி. இதில் வன்னிக்கென்று சில நடைமுறைகள் இருக்கின்றன. நேரடி வகுப்புக்கு யாழ்ப்பாணம் போவதென்றால் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் அறுபது கிலோமீற்றருக்கு மேல். புதுக்குடியிருப்பு, துணுக்காய் பிள்ளைகளுக்கு இன்னும் தூரம். பிரெஞ்சுக்காக மட்டும் அந்தப் பயணம் யோசிக்கத் தக்கது. மற்ற மொழிகளுக்கு இணைய வகுப்புத்தான்.

டுவோலிங்கோ போன்ற செயலிகளை மட்டும் வைத்து ஒரு வருடம் ஓட்டிய பிள்ளைகளுக்குச் சொற்கள் தெரிந்திருக்கும், வாய் திறக்க வராது. அவற்றை வகுப்புக்குத் துணையாக, காலையில் கால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளலாம். 'லாங்வேஜ் ட்ரான்ஸ்ஃபர்' என்ற இலவச ஒலிப்பாடம் ஸ்பானிஷுக்கு மிக நல்லது. வைஃபை உள்ள இடத்தில் ஒருதரம் இறக்கி வைத்தால் டேட்டா செலவில்லை, கரண்ட் இல்லாத நேரத்திலும் கேட்கலாம். ஆனால் அது ஆங்கில வழி. ஸ்பானிஷுக்குக் கிடைக்கும் நல்ல பாடங்கள் அநேகமாக எல்லாமே ஆங்கில வழிதான். ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பந்தியை வாசித்து விளங்க முடியாத பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு மொழிகளோடு போராட வேண்டிவரும். அப்படியானால் முதலில் ஆறு மாதம் ஆங்கிலத்துக்குக் கொடுங்கள், இல்லையென்றால் தமிழில் விளக்கக்கூடிய ஆசிரியரைத் தேடுங்கள்.

நேரடியாகப் பேசும் இணைய வகுப்பு என்றால் நேரத்தைப் பாருங்கள். மெக்சிகோ நகரத்துக்கும் எங்களுக்கும் பதினொன்றரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை ஏழரை என்றால் இங்கே இரவு ஏழு, டியூசன் முடிந்து வந்த பிள்ளைக்கு அது வசதி. ஸ்பெயின் ஆசிரியர் என்றால் அங்கே பின்னேரம் ஆறு மணி ஆகும்போது எங்களுக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை ஆகிவிடும். எந்த நாட்டு ஸ்பானிஷ் படிப்பிப்பார் என்றும் கேளுங்கள். ஸ்பெயினில் 'நீங்கள் எல்லோரும்' என்பதற்குத் தனியாக இன்னொரு வினை விகுதி உண்டு, லத்தீன் அமெரிக்காவில் அது இல்லை, அட்டவணையில் ஒரு வரி குறைவு. தொடங்குபவர்களுக்கு லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் போதும் என்பது என் கருத்து. லண்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கிற மச்சாளோ மச்சானோ பள்ளியில் ஸ்பானிஷ் படித்தால் இன்னும் நல்லது, வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிப் பழகலாம். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் திருத்தும்போது வெட்கம் குறைகிறது.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இப்படி இருக்கும். கலைப் பிரிவுக்குப் போகிறாயா, பாடமாகவே எடுக்க விருப்பமா, பிரெஞ்சு. இரண்டு வருடத்துக்குள் வேலைக்குப் போக வேண்டிய வீட்டு நிலையா, கொரியன் அல்லது யப்பான், தயங்காதே. ஜேர்மனிக்குப் போவது உறுதியா, ஜேர்மன். கணிதமோ விஞ்ஞானமோ உயர் தரம் செய்யப் போகிற, எந்த நாட்டையும் இன்னும் மனதில் வைக்காத, புதிய மொழி ஒன்றை அறிய ஆசைப்படுகிற பிள்ளைக்கு ஸ்பானிஷ். எங்கள் பிள்ளைகளிடம் மொழி என்றாலே விசா என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம். ஒரு மொழியை அதன் இனிமைக்காகவும் படிக்கலாம் என்ற உரிமை கொழும்புப் பிள்ளைக்கு இருப்பதுபோல ஒட்டுசுட்டான் பிள்ளைக்கும் இருக்கிறது. அந்த ஆசைக்கு முதல் வருடத்திலேயே கைமேல் பலன் தரும் மொழி ஸ்பானிஷ்.

சேர முடிவெடுத்தால் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி இரண்டாகப் பிரியுங்கள். முன்பக்கமிருந்து சொற்கள், பால் காட்டும் சொல்லோடு சேர்த்து. பின்பக்கமிருந்து வினை அட்டவணைகள், ஒரு பக்கத்துக்கு ஒரு வினை. முதல் மாதக் காசு கட்டுவதற்கு முன், ஒரு வகுப்பில் சும்மா இருந்து பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், பிள்ளைகள் எத்தனை தடவை வாய் திறந்தார்கள் என்று கவனியுங்கள். பிள்ளைகளின் குரலே கேட்கவில்லை என்றால் வேறு வகுப்புத் தேடுங்கள்.